காலிக் கட்டம்: ஒரு பக்க அமைப்புக் குழு புதிர் விளையாடிக் கான்பன் கற்ற கதை

"எங்கள் குழுவில் ஒருவர்கூட ஒரு நிமிடம் சும்மா உட்கார மாட்டார், சார்" என்று குழுத் தலைவி பெருமையோடு சொன்னார். அதே மேசையில், தாமதம் குறித்து வாடிக்கையாளர் அனுப்பியிருந்த கடிதங்களையும் எடுத்து வைத்தார். யாரும் சும்மா இருப்பதில்லை. ஆனாலும் எதுவும் நேரத்துக்கு முடிவதில்லை. அவரைப் பொறுத்தவரை இவை இரண்டு தனித்தனிச் செய்திகள். முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சென்னையில் இயங்கும் பக்க அமைப்பு நிறுவனம் ஒன்றில், ஆய்விதழ்க் கட்டுரைகளைக் கையாளும் ஒன்பது பேர் கொண்ட குழு அது. ஒரே நேரத்தில் கையில் திறந்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் கான்பன் என்ற முறையை அவர்களுக்குக் கற்றுத்தரப் போயிருந்த பயிற்சியாளர் நான். பிரிட்டன், அமெரிக்கப் பதிப்பகங்களின் இதழ்களுக்கும் நூல்களுக்கும் இங்கே பக்கம் அமைத்துக் கொடுக்கும் தொழில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. வெளியே அதிகம் பேசப்படாத தொழில். ஆனால் மிகுந்த கவனம் கேட்பது. ஒரு காற்புள்ளி தவறினாலும் கட்டுரையாளர் கடிதம் எழுதுவார்.

கோப்பு கிடக்கும் இடங்கள்

ஒரு கட்டுரைக் கோப்பு வந்ததும் முன்தயாரிப்புக்குப் போகும். தலைப்பு, துணைத்தலைப்பு, அட்டவணை, மேற்கோள் பட்டியல் எல்லாவற்றுக்கும் அங்கே அடையாளம் இடுவார்கள். அடுத்தது மொழிச் செம்மை. படங்கள் தனிப் பிரிவில் சரிசெய்யப்பட்டு வந்து சேரும். பிறகு பக்க அமைப்பு, மெய்ப்பு, தரச் சோதனை. இந்தக் குழுவில் முன்தயாரிப்பில் இருவர், செம்மையில் இருவர், பக்க அமைப்பில் மூவர், மெய்ப்பும் சோதனையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மூத்த பெண்மணி, குழுத் தலைவி. படப்பிரிவு வேறு மாடியில் இருந்துகொண்டு மூன்று குழுக்களுக்கு வேலை செய்கிறது.

நான் முதலில் செய்தது ஒரு கோப்பின் பின்னாலேயே நடந்தது. பன்னிரண்டு பக்கக் கட்டுரை. எல்லாரும் அதில் கைவைத்த நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை நாளுக்கும் குறைவு. ஆனால் அது வாசலில் நுழைந்து வெளியேற மூன்று வாரம் ஆயிற்று. மீதி நாட்களெல்லாம் அது யாரோ ஒருவருடைய கணினிக் கோப்புறையில் கிடந்தது. செம்மை பார்ப்பவரின் கோப்புறையில் மட்டும் அன்று பதினோரு கட்டுரைகள் திறந்தநிலையில் இருந்தன. ஒன்றில் கட்டுரையாளரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை; இன்னொன்றில் படம் வரவில்லை; மற்றொன்றை "அவசரம்" என்று வந்த கோப்புக்காகப் பாதியில் நிறுத்தியிருந்தார். சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் திறந்திருந்தார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நிறுவனத்தில் ஒவ்வொருவரும் நாள்முழுதும் எத்தனை மணி நேரம் வேலையில் இருந்தார் என்றுதான் மாலை அறிக்கை போகும். எத்தனை கோப்பு முடிந்தது என்பது மாதக் கடைசியில் மட்டும் கணக்கில் வரும். அளப்பதைத்தான் மனிதர் காப்பாற்றுவார்.

முதலில் பலிக்காதவை

எல்லாப் பயிற்சியாளரையும்போல நானும் உரையில்தான் தொடங்கினேன். ஒரு மணி நேரம் திரையில் படங்கள் காட்டினேன். டொயோட்டா கார் நிறுவனப் பொறியாளர் தாயிச்சி ஓனோ, அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் முறையிலிருந்து பாடம் எடுத்து, 1950களில் எந்திரப் பட்டறையில் புகுத்தியதைச் சொன்னேன். பின்கட்டத்திலிருந்து அட்டை வந்தால்தான் முன்கட்டம் பொருள் செய்யலாம். அட்டை இல்லாவிட்டால் கை வைக்கக் கூடாது. ஜப்பானிய மொழியில் கான்பன் என்றால் அறிவிப்புப் பலகை, அடையாள அட்டை என்று விளக்கினேன். எல்லாரும் தலையசைத்தார்கள். மறுநாள் காலை செம்மை மேசையில் பன்னிரண்டாவது கோப்பு திறந்திருந்தது.

அடுத்து நாணய விளையாட்டு. ஐந்து பேர் வரிசையாக அமர்ந்து இருபது ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு அடுத்தவருக்குத் தரவேண்டும். ஒரு நாணயத்தைத் திருப்ப ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதையும் திருப்பி முடித்த பிறகே மொத்தமாகத் தருவது என்றால் முழுவதும் முடிய 100 விநாடி. ஐந்தைந்தாகத் தந்தால் 40. ஒவ்வொன்றாகத் தந்தால் 24. முதல் நாணயம் ஐந்தாவது விநாடியிலேயே வாசலுக்கு வந்துவிடும். எவரும் வேகமாகத் திருப்பவில்லை, ஆனாலும் நேரம் நான்கில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டது. கணக்கு அழகானது. விளையாட்டும் உலகெங்கும் நன்றாகப் பயன்படுவதுதான்.

ஆனால் இந்தக் குழுவில் அது எடுபடவில்லை. பக்க அமைப்பில் இருக்கும் இளைஞர் ஒருவர் நேராகவே கேட்டார்: "சார், நாணயம் எல்லாம் ஒரே மாதிரி. எங்களுக்கு வரும் கட்டுரையில் ஒன்றில் சமன்பாடே இருக்காது, அடுத்ததில் நாற்பது இருக்கும். நாணயம் பாதியில் சிக்கிக்கொள்ளுமா?" அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர்களுடைய வேலையில் அளவு முன்கூட்டியே தெரியாது. பாதி முடிந்த கட்டுரையை விற்க முடியாது. ஏதாவது ஒரு துண்டு யாரிடமோ மாட்டிக்கொண்டிருக்கும். இந்த மூன்றும் உள்ள விளையாட்டு எது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். துண்டுகளைப் பொருத்திப் படத்தைக் கூட்டும் ஜிக்சா புதிர் நினைவுக்கு வந்தது. தொண்ணூறு விழுக்காடு முடிந்த ஜிக்சாவும் முடியாத ஜிக்சாதான்.

அட்டையும் கத்தரியும்

சிவகாசியில் அச்சான பழைய மாத நாட்காட்டிகளை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினேன். சாமி படத்தில் கத்தரி வைக்கக் கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் சொல் எனக்கும் சம்மதமாக இருந்தது. அருவி, பறவைகள், தேயிலைத் தோட்டம், குழந்தைகள், பூங்கொத்து என்று முப்பது படங்கள் தேறின. கெட்டி அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றையும் ஐந்துக்கு ஆறாக முப்பது துண்டுகளாக வெட்டினோம். அதில் விளிம்புத் துண்டுகள் பதினெட்டு, உள்துண்டுகள் பன்னிரண்டு. மொத்தம் தொள்ளாயிரம் துண்டுகள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடே அதில் உட்கார்ந்தது.

நான்கு மேசைகள். முதல் மேசையில் இருவர் உறையைப் பிரித்து விளிம்புத் துண்டுகளைத் தனியே எடுப்பார்கள். இரண்டாவதில் இருவர் விளிம்பைச் சட்டம்போலக் கூட்டுவார்கள். மூன்றாவதில் மூவர் உள்ளே நிரப்புவார்கள். நான்காவதில் ஒருவர் மூலப்படத்தோடு ஒப்பிட்டு, ஒட்டுநாடா போட்டு, வாடிக்கையாளர் தட்டில் வைப்பார். ஒன்பதாமவர் வாடிக்கையாளர். அலுவலகத்தில் யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறாரோ அதே இடம் விளையாட்டில் அவருக்குக் கிடைக்காதபடி மாற்றினேன். மெய்ப்பு பார்க்கும் அக்காவை முதல் மேசைக்கும், முன்தயாரிப்பில் இருப்பவரைக் கடைசி மேசைக்கும் அனுப்பினேன். தன் மேசைக்கு வேலை எப்படி வந்து குவிகிறது என்பதை ஒருவர் அனுப்பும் இடத்தில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும்.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உறைகளில் ஒரு துண்டை எடுத்து வேறோர் உறையில் போட்டிருந்தேன். அவை கட்டுரையாளரின் பதில் வராத கேள்விகள். இதை யாரிடமும் சொல்லவில்லை.

விளையாட்டுக்கு முன் கையில் கொடுத்தது வேறொரு பொருள். திருவிழாக் கடைகளில் கிடைக்குமே, பதினாறு கட்டம் உள்ள சிறு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒன்று முதல் பதினைந்து வரை எண்களை நகர்த்தி வரிசையாக்கும் புதிர், அதில் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்றொன்றின் காலிக் கட்டத்தில் ஒரு சதுர அட்டையை வெட்டி இறுக்கமாக அடைத்திருந்தேன். இரண்டையும் சுற்றுக்கு விட்டேன். இரண்டாவதைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது நகராதே" என்று அடுத்தவரிடம் தந்தார்கள். ஏன் நகரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

அந்தப் புதிருக்கு ஒரு வரலாறு உண்டு. 1870களில் நியூயார்க் மாநிலத்தின் கானஸ்டோட்டா ஊரில் தபால் அதிகாரியாக இருந்த நோய்ஸ் சாப்மன் உருவாக்கியது. 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பித்துப்பிடிக்க வைத்தது. 14, 15 இரண்டும் மட்டும் இடம் மாறிய நிலையிலிருந்து வரிசையாக்குபவருக்கு 1,000 டாலர் பரிசு என்று அமெரிக்கப் புதிர் வல்லுநர் சாம் லாயிட் அறிவித்தார். அந்தப் பரிசை யாரும் வாங்க முடியாது. அந்த நிலையிலிருந்து வரிசைக்கு வரவே இயலாது என்பது 1879இலேயே ஒரு கணித இதழில் நிறுவப்பட்டுவிட்டது. இரவெல்லாம் விழித்திருந்து நகர்த்தியவர்களின் உழைப்பில் குறையே இல்லை. தொடக்க அமைப்பு அவர்களுக்கு வழி விடவில்லை. இந்தக் குழுவின் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

மூன்று சுற்றுகள்

ஒவ்வொரு சுற்றும் இருபது நிமிடம், பத்துப் படங்கள். முதல் சுற்றின் விதி அலுவலக விதியேதான்: யாரும் சும்மா இருக்கக் கூடாது, கையில் முடிந்ததை உடனே அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும்.

முதல் மேசை பறந்தது. விளிம்பைப் பிரிப்பது எளிது. ஒன்பதாவது நிமிடத்துக்குள் பத்து உறைகளும் பிரிந்து இரண்டாம் மேசையில் குவிந்துவிட்டன. மூன்றாம் மேசையில் அருவியின் நீலமும் வானத்தின் நீலமும் கலந்தன. ஒரு படத்தில் ஒரு துண்டு இல்லை என்று தெரிந்ததும் அதை அப்படியே மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். ஓரத்துக்குப் போனதன் மேல் இன்னொன்று ஏறியது. வாடிக்கையாளராக இருந்த குழுத் தலைவி வந்து "தேயிலைத் தோட்டம் எங்கே?" என்று கேட்டதும், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு மூவரும் அதைத் தேடினார்கள். மணி அடித்தபோது தட்டில் இரண்டு படங்கள். எட்டு படங்கள் பல நிலைகளில் கிடந்தன. தரையில் பதினான்கு துண்டுகள் பொறுக்கினோம். கடைசி மேசையில் இருந்தவர், "நான்தான் அதிக நேரம் காத்திருந்தேன், ஆனால் என் மேல்தான் எல்லாரும் கோபப்பட்டீர்கள்" என்றார்.

இரண்டாம் சுற்றுக்கு முன் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டுநாடாவால் இரண்டு சதுரங்கள் வரைந்தேன். ஒரு சதுரத்தில் ஒரு படம். முடித்த படத்தை அடுத்த மேசைக்குத் தள்ளக் கூடாது. அது அங்கேயே சதுரத்தில் இருக்கும். அடுத்த மேசையில் சதுரம் காலியானால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். வேறு எந்த விதியும் மாறவில்லை.

நான்காவது நிமிடத்தில் முதல் மேசையின் இரண்டு சதுரங்களிலும் பிரித்து முடித்த படங்கள் நின்றன. அக்காவுக்கும் அவர் பக்கத்தில் இருந்தவருக்கும் கையில் வேலை இல்லை. எழுந்த அமைதியை நான் மறக்க மாட்டேன். அக்கா முதலில் துண்டுகளை நேராக அடுக்கினார். பிறகு மேசையைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், நான் சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் மேசைக்கு அடியில், மடியில் வைத்து மூன்றாவது உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. குழுத் தலைவியும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

ஏறக்குறைய ஒரு நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு அக்கா எழுந்து மூன்றாம் மேசைக்குப் போய், "எந்தத் துண்டு தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். அங்கே ஒரு படம் ஒரு துண்டு குறைந்து, மூன்றாம் மேசையின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் சுற்றில் ஓரத்துக்குப் போயிருக்க வேண்டிய படம் அது. இப்போது ஓரம் என்று ஒன்று கிடையாது. அதை முடித்தால்தான் சதுரம் காலியாகும். அக்காதான், "வேறு உறையில் போயிருக்குமோ?" என்று பிரிக்காத உறைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் துண்டு கிடைத்துவிட்டது.

மணி அடித்தபோது தட்டில் ஐந்து படங்கள். மேசைகளில் இரண்டு. மூன்று உறைகளைப் பிரிக்கவே இல்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். அங்கே நிறுத்தியிருந்தால் நான் நேர்மை தவறியிருப்பேன். இரண்டாம் முறை விளையாடும்போது யாருக்கும் கை பழகியிருக்கும். முன்னேற்றம் சதுரத்தால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா? அதற்காகத்தான் முப்பது படங்கள் வெட்டினேன். மூன்றாம் சுற்றில் ஒட்டுநாடாவைக் கிழித்துவிட்டு, மீண்டும் பழைய விதியையே வைத்தேன். கை நன்றாகப் பழகிய அதே மனிதர்கள். முடிந்தவை மூன்று, பாதியில் ஏழு. பழக்கம் ஒரு படத்தைக் கூட்டியது. மற்றதை எல்லாம் குவியல் தின்றுவிட்டது. கான்பன் விளையாட்டு நடத்தும் பலர் இந்த மூன்றாம் சுற்றை நேரம் போதாது என்று விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அதுதான் மிக முக்கியமான சுற்று. சந்தேகப்படுபவர்கள் அறையில் இருந்தால் அவர்களுக்கு அதுதான் மரியாதை.

அதன் பிறகுதான் சூத்திரத்தை எழுதினேன். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது: ஓட்டம் சீராக இருக்கும்போது, ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரி நேரம் என்பது, உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஓர் அலகு நேரத்தில் முடிந்து வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இதைச் சொல்லிவிட்டு, அவர்கள் கையில் இப்போது எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று கேட்டேன். குழுத் தலைவி "நாற்பது இருக்கும்" என்றார்.

ஒரு கேள்வி அப்போது எழுந்தது. சதுரம் என்பது மேசைக்குச் சரி, மனிதருக்கு எப்படி? டோக்கியோ அரண்மனைத் தோட்டத்தின் கதையைச் சொன்னேன். மென்பொருள் பணிக்குக் கான்பனைக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சன் 2005இல் குடும்பத்தோடு அங்கே போயிருந்தார். நுழைவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை தந்து, திரும்பும்போது வாங்கிக்கொண்டார்கள். அட்டை தீர்ந்தால், ஒருவர் வெளியே வந்த பிறகே அடுத்தவர் உள்ளே போகலாம். உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாக மரம் பார்க்கலாம். அக்கா இதை வேறு விதமாகச் சொன்னார்: "எங்கள் வீட்டில் இரண்டு அடுப்புதான். அதனால்தான் எட்டு மணிக்குள் சமையல் முடிகிறது." டோக்கியோவை விட அந்த அடுப்புதான் அறையில் நின்றது. அதற்குப் பிறகு குழுவில் யாரும் "வரம்பு" என்று சொல்லவில்லை, "எத்தனை அடுப்பு?" என்றுதான் கேட்டார்கள்.

கடைசியாக அந்த இரண்டு எண்புதிர்களையும் மீண்டும் நடுவில் வைத்தேன். நாணயத்தைப் பற்றிக் கேட்ட இளைஞர் நகக்கண்ணால் அட்டையை நெம்பி வெளியே எடுத்தார். எண்கள் நகர்ந்தன.

சுவரில் ஏறிய சீட்டுகள்

மறுநாள் தெர்மாகோல் பலகை ஒன்றைச் சுவரில் மாட்டி, கட்டங்கள் வரைந்து, கையில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சீட்டு எழுதினோம். கட்டுரையாளரிடம் மெய்ப்புக்குப் போயிருப்பவற்றை விட்டுவிட்டோம். எழுதி முடித்தபோது அறுபது சீட்டுகள். குழுத் தலைவி பலகைக்கு முன் நெடுநேரம் நின்றார். நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு கோப்புகள் வெளியே போகின்றன. அறுபதை நான்கால் வகுத்தால் பதினைந்து வேலை நாள். வாடிக்கையாளருடன் செய்த ஒப்பந்தம் பத்து வேலை நாள். யாரும் தவறு செய்யாமலேயே, எல்லாரும் கடுமையாக உழைத்தும், இந்தக் குழு சராசரியாகவே ஐந்து நாள் தாமதம். கடிதங்கள் வந்ததற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுப்புகளின் எண்ணிக்கையை அவர்களே தீர்மானித்தார்கள். அதில் நான் தலையிடவில்லை. செம்மைக்கு ஆளுக்கு மூன்று, பக்க அமைப்புக்கு மூவருக்கும் சேர்த்து ஏழு என்று தொடங்கினார்கள். எனக்கு அது தாராளமாகத் தோன்றியது. இருந்தாலும் அவர்கள் சொன்ன எண்ணை அவர்கள் காப்பாற்றுவார்கள் என்று நம்பினேன். கான்பன் முறையின் முதல் கொள்கையே இப்போது செய்வதிலிருந்து தொடங்கு என்பதுதான். யாருடைய பதவியையும் மாற்றவில்லை, எந்தக் கட்டத்தையும் நீக்கவில்லை.

மிகக் கடினமான விவாதம், பதிலுக்காகக் காத்திருக்கும் கோப்புகளைப் பற்றியது. அவற்றையும் அடுப்புக் கணக்கில் சேர்ப்பதா? சேர்த்தால் கேம்பிரிட்ஜில் ஒருவர் விடுமுறையில் போனதற்காகச் சென்னையில் ஒருவர் வேலையற்று நிற்பார். சேர்க்காவிட்டால் முதல் சுற்றின் மேசை ஓரம் திரும்பி வந்துவிடும். விளையாட்டில் அந்தத் துண்டைத் தேடியது எல்லாருக்கும் நினைவில் இருந்ததால் விவாதம் வீணாகப் போகவில்லை. தனிக்கட்டம் ஒன்று போட்டார்கள். அதற்கும் எட்டுக்கு மேல் இடமில்லை. ஒவ்வொரு சீட்டிலும் கேள்வி அனுப்பிய தேதி. மூன்றாம் நாள் நினைவூட்டல், அதன் பிறகு குழுத் தலைவி நேரடியாகப் பதிப்பகத்துக்கு எழுதுவார். இதைப் பலகையின் அடியிலேயே எழுதி ஒட்டினார்கள். அதற்கு முன் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபோது நினைவூட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் நினைவூட்டியதே இல்லை.

முதல் இரண்டு வாரம் பயமாக இருந்தது. பழைய குவியல் குறையும்வரை புதிய கோப்புகளைத் திறக்கவில்லை. வந்தவை வரிசையில் நின்றன. முன்தயாரிப்பில் இருந்தவர்கள் மதியத்துக்கு மேல் பலமுறை காலியாக இருந்தார்கள். அந்த நேரத்தில் மெய்ப்பு பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். மேற்கோள் பட்டியலை ஒப்பிடும் வேலையை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மாலை அறிக்கையில் அவர்களுடைய மணிக்கணக்கு குறைந்தது. மேலாளர் இறங்கி வந்தார். "இவர்கள் ஏன் வேலை இல்லாமல் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அவருடைய மேலாளர் அவரிடம் அதைத்தான் கேட்பார். நான் அவரிடம் ஹைதராபாத் கதையைச் சொன்னேன். 2004இல் மைக்ரோசாஃப்ட் தன் நிறுவனத்துக்குள் பயன்படுத்திய மென்பொருள்களைப் பராமரித்த சிறு குழு அங்கே இருந்தது: மூன்று நிரலர்கள், மூன்று சோதனையாளர்கள். ஒரு கோரிக்கை முடியச் சுமார் ஐந்து மாதம் ஆயிற்று. அந்தக் குழுவின் மேலாளர் திராகோஷ் துமித்ரியு, டேவிட் ஆண்டர்சனின் உதவியோடு ஆராய்ந்தபோது, வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்கூட்டியே மதிப்பீடு எழுதித் தருவதிலேயே குழுவின் திறனில் பெரும் பங்கு போவது தெரிந்தது. மதிப்பீட்டை நிறுத்தினார்கள், உள்ளே விடும் வேலையின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள், தொடக்கத்தில் ஒருவரையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஒன்பது மாதத்தில் அந்த ஐந்து மாதம் சுமார் இரண்டு வாரமாகச் சுருங்கியது. நம் பக்கத்து ஊரில், நம்மைப் போன்றவர்கள், வெளிநாட்டிலிருந்து வரும் வேலையைச் செய்தது என்பதால் மேலாளர் கவனமாகக் கேட்டார். ஆனால் அவரை மாற்றியது கதை இல்லை. குழுத் தலைவி அவரை மூன்றாம் மேசையில் உட்காரவைத்து, மீதமிருந்த படங்களோடு முதல் சுற்றை ஆடச் சொன்னார். பத்து நிமிடம் ஆடினார். பிறகு, மூன்று மாதத்துக்கு மாலை அறிக்கையில் மணிக்கணக்கோடு வெளியே போன கோப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பச் சம்மதித்தார்.

மூன்றாவது மாதம் பலகையில், காத்திருப்பவற்றையும் சேர்த்து, இருபத்துநான்கு சீட்டுகள் இருந்தன. நாளொன்றுக்கு வெளியே போவது அப்போதும் நான்குதான். இருபத்துநான்கை நான்கால் வகுத்தால் ஆறு. சீட்டின் மூலையில் எழுதிய தேதிகளும் ஏறக்குறைய அதையே சொல்லின. யாரும் வேகமாக வேலை செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உற்பத்தி கூடியது என்று இதை விற்க முயன்றால் அது பொய்யாகிவிடும். அதே அளவு வேலைதான் நடந்தது. கோப்புகள் கிடப்பது குறைந்தது. தாமதக் கடிதங்களும் அருகின. சனிக்கிழமை வேலைக்கு வருவது தானாக நின்றது.

நிற்காமல் போனவை

எல்லாம் ஒட்டவில்லை. மாதக் கடைசியில் பதிப்பகம் இதழ் முழுவதையும் சேர்த்து அனுப்பும்போது செம்மையின் வரம்பு ஒவ்வொரு முறையும் உடைகிறது. உடைக்கும்போது சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும் என்ற விதியை மட்டும் காப்பாற்றுகிறார்கள். மூன்று மாதச் சிவப்புச் சீட்டுகளைக் கட்டிவைத்து, பதிப்பகத்தோடு பேசக் குழுத் தலைவி எண்ணியிருக்கிறார். பக்க அமைப்பில் ஒருவருக்குத் தன் சீட்டு எத்தனை நாள் நகரவில்லை என்று எல்லார் கண்ணுக்கும் தெரிவது பிடிக்கவே இல்லை. அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. சீட்டில் பெயர் எழுதுவதை நிறுத்தினோம். கோப்பு எண் மட்டும் போதும்.

விளையாட்டிலும் என் பிழைகள் உண்டு. வாடிக்கையாளர் வேடத்தைச் சற்று மிகையாக எழுதிக்கொடுத்துவிட்டேன். முதல் சுற்றுக்குப் பிறகு பாதிப் பேர் "வாடிக்கையாளர் தொல்லை தராவிட்டால் முடித்திருப்போம்" என்றார்கள். விதியின் பிழையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மனிதரைப் பார்த்தார்கள். அடுத்த முறை வாடிக்கையாளர் பேசவே மாட்டார். தட்டின் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். நீலப் படங்கள் அதிகமாகிவிட்டதையும் மாற்ற வேண்டும். நிற வேறுபாடு எளிதில் தெரியாத ஒருவர் குழுவில் இருந்தார். அதைச் சுற்றுகள் முடிந்த பிறகுதான் என்னிடம் தனியாகச் சொன்னார். மூன்று சுற்றுகளிலும் அவரைத் தடுமாற விட்டிருக்கிறேன் என்பது இன்னும் உறுத்துகிறது. இப்போது ஒவ்வொரு துண்டின் பின்புறமும் படத்தின் எண்ணை எழுதிவிடுகிறேன்.

தீராமல் நிற்பது படப்பிரிவுதான். மூன்று குழுக்களும் அவர்களிடம் வேலையைத் தள்ளுகின்றன. இந்த ஒரு குழு மட்டும் வரம்புக்குள் நின்றால், காலியாகும் இடத்தை மற்ற இரண்டும் நிரப்பிவிடுகின்றன. இந்தக் குழுவின் பலகையில் இப்போது மிக நீண்ட நாள் நிற்கும் சீட்டுகள் படத்துக்காகக் காத்திருப்பவைதான். அதனால் அடுத்த அமர்வுக்கு மூன்று குழுத் தலைவர்களையும், படப்பிரிவின் நால்வரையும், மேலாளரையும் ஒரே அறைக்கு அழைத்திருக்கிறோம். மூன்று வரிசை மேசைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு மேசை. நாற்பத்தைந்து படங்கள் தேவை. அக்கா தன் தெருவில் நாட்காட்டிகள் சேர்க்கத் தொடங்கிவிட்டார். சாமி படம் வேண்டாம் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.